குளிச்சிட்டு வந்தால் சரியாகாது

மாசி மாத வெயில். செட்டிகுளத்தில் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடக்கிற காலம். பின்னேரம் மூன்று மணிக்கும் மைதானத்து மண் சுடும். 1500 மீற்றருக்கு ஆள் எடுக்கினம். எங்களில் ஒருத்தி, அப்ப பத்தாம் தரம், இரண்டாவது சுற்று முடிய முதலே நிண்டிட்டாள். கழுத்து, நெஞ்சு, முழங்கை மடிப்பு எல்லாம் குண்டூசித் தலை அளவில சின்னச் சின்னத் தடிப்பு, அதைச் சுத்திச் சிவப்பு. ரெண்டு கையாலும் சொறியிறாள். “உடம்பெல்லாம் கடிக்குது சேர்” எண்டாள்.

பயிற்சி குடுத்துக்கொண்டு நிண்டவர் கிட்ட வந்து பார்க்கவில்லை. “காலமை குளிச்சனியோ? போய் வடிவாக் குளிச்சிட்டு நாளைக்கு வா” எண்டு சொல்லிப்போட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். வரிசையில் நிண்ட பொடியள் சிரிச்சாங்கள். உண்மையைச் சொன்னால் நாங்களும் சிரிச்சனாங்கள்.

அவள் அண்டைக்குக் குளிச்சிட்டுத்தான் வந்தவள். பிரச்சினை அதுவல்ல. எல்லாருக்கும் முன்னால அந்தக் கேள்வி கேட்கப்பட்டிட்டுது. அடுத்த நாள் அவள் மைதானத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. இப்ப எங்களோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் படிக்கிறாள். போன வருஷம் ஒருநாள் விரிவுரைக்குப் பிந்தி, திருநெல்வேலிச் சந்தியில் இருந்து எல்லாரும் ஓடி வந்தபோது அதே தடிப்பு அவளுக்குத் திரும்பவும் எழும்பியது. அப்பதான் அந்தப் பழைய கதை வந்தது. பிறகு நாங்கள் இருந்து கதைச்சுப் பார்த்தால், ஆளுக்கொரு கடி, ஆளுக்கொரு அவமானம். ஒருத்தனுக்குத் தொடை இடுக்கு. ஒருத்திக்கு இடுப்பு இலாஸ்ரிக் பட்ட இடம். இன்னொருத்திக்குக் கால் முழுக்க. எங்களில் ஒருவருக்கும் அது என்ன எண்டு அந்த வயதில் யாரும் சொல்லித்தரவில்லை. எல்லாருக்கும் கிடைச்சது மூன்று பதில்தான்: குளி, கிரீம் பூசு, ஓடாத.

இந்த மூன்று பதிலும் பிழை எண்டு சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

அதுக்கு ஒரு பேர் இருக்கு

எங்கட தோழிக்கு இருந்தது ஊத்தையும் இல்லை, ஆக்கள் சொல்லுற “கரப்பன் உடம்பும்” இல்லை. கோலினேர்ஜிக் ஊர்ட்டிகேரியா எண்டு மருத்துவத்தில் சொல்லுவினம். உடம்பு சூடாகி வியர்க்கத் தொடங்கும்போது எழும்புகிற ஒருவகைத் தடிப்பு. வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுகிற நரம்புகள் அசற்றைல்கோலின் எண்ட இரசாயனத்தை விடுகின்றன. அந்தப் பேரில் இருந்துதான் நோய்க்கும் பேர் வந்தது. இந்த உடம்புகளில் அந்த நேரம் தோலில் இருக்கிற கலங்கள் ஹிஸ்ரமினை வெளியே விடுகின்றன. ஹிஸ்ரமின் வந்தால் தடிக்கும், சிவக்கும், கடிக்கும். நுளம்பு கடிச்ச இடம் தடிக்கிறதும் இதே ஹிஸ்ரமினாலதான்.

1924இல் டியூக் எண்ட அமெரிக்க வைத்தியர் இதை எழுதிவைத்திட்டார். நூறு வருஷம். பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளிலும்தான் இது தொடங்கும். அதாவது பாடசாலை மைதானத்தில் ஓடுகிற அதே வயதில். ஓட்டம் மட்டுமில்லை, சுடுதண்ணியில குளித்தாலும், உறைப்பாகச் சாப்பிட்டாலும், கோபமோ பதற்றமோ வந்தாலும் எழும்பும். ஓட்டத்தை நிப்பாட்டி உடம்பு ஆறினால் அநேகமாக அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் தடம் தெரியாமல் மறைந்துபோகும். அதனாலதான் வீட்டில் போய்க் காட்டினால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. “எங்க காட்டு பாப்பம்? ஒண்டுமில்லையே” எண்டுவா. பிள்ளை பொய் சொல்லுது எண்ட பேரும் சேர்ந்து வரும்.

இதற்கு மருந்து இருக்கு. செற்றிரிசின், லொராற்றடின் மாதிரியான குளிசைகள்; வைத்தியரிடம் கேட்டு எடுக்கிறவை. எல்லாரும் பிரிற்றன் எண்டு சொல்லுற குளோர்பெனிரமினும் ஹிஸ்ரமினைத் தடுக்கும்தான். ஆனால் அதை எடுத்தால் நித்திரை தூங்கும், வகுப்பும் ஓட்டமும் ரெண்டும் கெடும். ஆகவே எது, எவ்வளவு எண்டு கேட்டு எடுக்கவேணும். இன்னொரு விஷயம் எங்களுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. ஒருமுறை தடிப்பு எழும்பி அடங்கினால் சிலருக்குக் கொஞ்ச நேரத்துக்கு, சிலவேளை ஒரு நாள் வரைக்கும், திரும்ப எழும்பாது. மெல்ல மெல்ல, ஒழுங்காக வியர்த்துப் பழகினால் பலருக்குக் கடி குறைகிறது. அதாவது சரியான ஆக்களின் மேற்பார்வையில் ஓட்டமே இதற்கு ஒரு பரிகாரம். எங்கட தோழிக்குச் சொல்லப்பட்டது அதற்கு நேரெதிர்.

எல்லாக் கடியும் ஒரே கடி இல்லை

வேறு கடிகளும் இருக்கு. பல மாதம் ஓடாமல் இருந்து திரும்பத் தொடங்குகிறவர்களுக்கு முதல் நாட்களில் தொடையும் காலும் கடிக்கும். தோலில் தடிப்பு ஒன்றும் இருக்காது. தசைக்கு இரத்தம் கூடப் பாய, சின்ன இரத்தக் குழாய்கள் விரியும். பக்கத்தில் இருக்கிற நரம்புகள் அதை மூளைக்குக் கடி எண்டு சொல்லும். தொடர்ந்து ஓடினால் ஒன்றிரண்டு கிழமையில் அநேகமாக நிண்டுவிடும். மார்கழி லீவு முழுக்க வீட்டில் இருந்த பிள்ளையைத் தை மாதம் பிடிச்சு ஒரே நாளில் ஐந்து சுற்று ஓடவிட்டால் கால் கடிக்காமல் என்ன செய்யும்?

வேர்க்குரு எல்லாருக்கும் தெரியும். வியர்வை வெளியே வருகிற துவாரம் அடைபட்டால் வருவது. அதுக்குத் தேங்காய் எண்ணெய் பூசிவிடுவினம், அது இன்னும் அடைக்கும். ஆனால் அதே எண்ணெயோ வசலினோ, தொடை தொடையோடு உரசிப் புண்ணாகிற இடத்துக்கு நல்லது. ஒரே எண்ணெய், ஒரு கடிக்கு மருந்து, மற்றதுக்கு வினை. எது எண்டு பார்த்துத்தான் பூசவேணும்.

பிறகு எங்கட ஊருக்கே உரிய ஒண்டு இருக்கு. இல்ல விளையாட்டுப் போட்டிக் காலமும் காலபோக அறுவடைக் காலமும் ஒண்டாகத்தான் வரும். காலமை வயலில் அப்பாவோட நிண்டு, வைக்கல் சுணை கழுத்திலும் முதுகிலும் ஒட்டினபடி பின்னேரம் மைதானத்துக்கு வருகிற பொடியள் எத்தனை பேர்? வியர்வை பட்டால் அந்தச் சுணை என்ன செய்யும் எண்டு வயலில் நிண்ட எல்லாருக்கும் தெரியும். பற்றைக் கரையால ஓடவிட்டால் காஞ்சோண்டியும் மயிர்க்கொட்டியும் தங்கட வேலையைப் பார்க்கும்.

எல்லாவற்றுக்கும் மேல உடுப்பு. ஒவ்வொரு இல்லத்துக்கும் நிறம் அடித்த பொலியெஸ்டர் ரீசேட். வியர்வையை உறிஞ்சாது, உடம்போடு ஒட்டும். பொலியெஸ்டருக்குப் போடுகிற சில சாயங்களுக்கே தோல் ஒவ்வாமை வருவது தெரிந்த விஷயம். பொடியளுக்குக் காற்சட்டை. பெட்டையளுக்கு முழுக்கால் ட்ராக் பொட்டம், அதுக்கு மேல நீள ரீசேட், உள்ளுக்கு இன்னும் ரெண்டு உடுப்பு. அதோட மாதவிடாய் நாளெண்டால் பாட். 34 பாகை வெயிலில் இவ்வளவையும் போட்டுக்கொண்டு ஓடி, தொடை உரசிப் புண்ணாகிவிட்டது எண்டு ஆருக்குப் போய்ச் சொல்லுறது? பயிற்சி குடுக்கிறவர் ஆம்பிளை. சொல்லக்கூடிய ரீச்சர் கணக்குப் பாடத்தில் நிக்கிறா. அதனால அவள் “வயித்துக்குத்து” எண்டு சொல்லிப்போட்டு வீட்ட போவாள். நாங்கள் எல்லாரும் அந்த வயித்துக்குத்தைச் சொல்லியிருக்கிறோம்.

படர்தாமரையும் சொறியும்தான் மிச்சம். படர்தாமரை பூஞ்சணத்தால் வருவது. இடுக்கிலும் அக்குளிலும், வட்டமாக, ஓரம் சிவந்து படரும். ஓட்டம் முடிஞ்ச பிறகும் போகாது. சொறி ஒரு சின்ன உண்ணியால் வருவது. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும், இரவில் கூடக் கடிக்கும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மருந்து பூசினால்தான் போகும். இந்த ரெண்டும் தொற்றுறது. உடுப்பு மாத்திப் போடுகிற, ஒரே துவாயால் துடைக்கிற விளையாட்டு அணிக்குள் கெதியாப் பரவும்.

இதையெல்லாம் பிரிச்சறிய டொக்டராக இருக்கத் தேவையில்லை. மூன்று கேள்வி போதும். எப்ப தொடங்கினது? எந்த இடம்? ஓட்டம் நிண்டால் போகுதா, கிடக்குதா? இந்த மூன்றையும் கேட்க ஒரு நிமிஷம் போகும். “குளிச்சனியோ” எண்டு கேட்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். எங்கட பாடசாலைகளில் சுகாதாரமும் உடற்கல்வியும் எண்டு ஒரு பாடமே இருக்கு. வியர்வைச் சுரப்பி படத்தைக் கீறி, பேர் குறிச்சு, புள்ளி வாங்கியிருக்கிறோம். அந்தப் பாடத்தைப் படிப்பித்த மனிதருக்கு முன்னாலேயே வியர்த்து, தடித்து, சொறிந்துகொண்டு நிண்டால் அந்தப் படம் ஒருத்தருக்கும் ஞாபகம் வராது.

ட்யூப்

இரண்டாவது பதில், “கிரீம் பூசு.” வீட்டில் ஒரு ட்யூப் இருக்கும். அண்ணாவுக்கு வாங்கினது. பாமசியில் போய் “கடிக்கு ஒண்டு தாங்கோ” எண்டால் தருவினம். சீட்டுக் கேட்கிற இடமும் இருக்கு, கேட்காத இடமும் இருக்கு. எங்களில் ஒருவனுக்கு இடுக்கில் படர்தாமரை. அந்த ட்யூபை மூன்று மாதம் பூசினான். பூசினால் இரண்டு நாளில் கடி நிற்கும். விட்டால் திரும்ப வரும், முன்பைவிடக் கூடிய இடத்தில். கடைசியில் வவுனியாவுக்குப் பஸ் எடுத்துப் போய்த் தோல் வைத்தியரிடம் காட்டினபோதுதான் தெரிந்தது, அந்த ட்யூபில் கடுமையான ஸ்டீரொயிட் இருக்கு எண்டு. ஸ்டீரொயிட் கடியை அமத்தும். அதோட பூஞ்சணத்தை எதிர்க்கிற உடம்பின் வேலையையும் அமத்தும். பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். வட்டமும் சிவந்த ஓரமும் மாறிப்போகும், வைத்தியருக்கே அடையாளம் தெரியாது. இப்படி வேஷம் மாறின படர்தாமரைக்கு 1968இலேயே மருத்துவத்தில் தனிப் பேர் வைத்திட்டினம். அதோட தோல் மெலியும். இடுக்கில் கோடு கோடாக வெடிப்பு விழும். அந்தக் கோடு பிறகு முற்றாகப் போகாது. எங்கட நண்பனுக்கும் போகவில்லை.

இது ஒருத்தனுடைய கவனயீனம் எண்டு நினைக்கவேண்டாம். இந்தியாவைப் பாருங்கோ. ஸ்டீரொயிட், பூஞ்சண மருந்து, அன்ரிபயோட்டிக் எல்லாம் ஒண்டாய்க் கலந்த ட்யூப்களை வருஷக்கணக்காக வாங்கிப் பூசிப் பூசி, வழமையான மருந்துக்கு அடங்காத படர்தாமரை நாடு முழுக்கப் பரவிவிட்டது. 2018இல்தான் இந்திய அரசு ஸ்டீரொயிட் பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. 2020இல் அந்தப் பூஞ்சணத்துக்கு ட்ரைக்கோபைட்டன் இன்டோடினியே எண்டு தனிப் பேரே வந்திட்டுது. அது இப்ப பல நாடுகளுக்குப் போயிருக்கு. எங்களிடம் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கு. சட்டம் கொழும்பில் இருக்கு. ட்யூப் எங்கட வீட்டு அலுமாரியில் இருக்கு. வித்தவரிடமும் கேட்கவேணும். கேட்காமல் வாங்கிப் பூசி, பக்கத்து வீட்டுக்கும் குடுத்த எங்களிடமும் கேட்கவேணும்.

“குளிச்சனியோ” எண்ட கேள்வி எங்கிருந்து வந்தது

இனி அந்த முதல் பதிலுக்கு வருவம். எங்கட கோபம் முழுக்க அதில்தான் இருக்கு.

செட்டிகுளம் எண்டால் வெளியில் இருக்கிறவைக்கு ஒரே ஒரு பேர்தான் ஞாபகம் வரும்: மெனிக் பாம். 2009இல் யுத்தம் முடிந்த கையோடு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தை அங்கே முட்கம்பிக்குள் வைத்திருந்தார்கள். முகாமின் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் எண்டு பெரிய தமிழர்களின் பேர். உள்ளுக்கு வெயிலில் கூடாரம், தண்ணிக்கு வரிசை. 2012 புரட்டாதியில்தான் கடைசிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு முகாம் மூடப்பட்டது. எங்களில் இரண்டு பேர் அஞ்சாறு வயதுப் பிள்ளைகளாக அங்கே இருந்தவர்கள். கொப்புளிப்பானும் சொறியும் கூடாரம் கூடாரமாய் வந்ததை எங்கட அம்மாமார் இண்டைக்கும் சொல்லுவினம். ஒரு வாளி தண்ணியில் மூன்று பிள்ளையைக் குளிக்க வார்த்ததையும் சொல்லுவினம். அனர்த்தங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணி வேணும் எண்டு ஸ்பியர் கையேடு சொல்லுது. அந்த வரிசையில் நிண்டவர்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. பிள்ளை சொறிந்தால் பார்க்கிறவர்கள் தாயைத்தான் பார்ப்பார்கள் எண்டது மட்டும் தெரியும்.

உடம்பில் கடி எண்டால் ஊத்தை, ஊத்தை எண்டால் வளர்ப்புச் சரியில்லை. முகாமுக்கு முதலும் இந்தப் பேச்சு இருந்திருக்கும். ஆனால் எங்கட ஊரில் அதற்குக் கூடுதல் பாரம் இருக்கு. “முகாமில இருந்து வந்ததுகள்” எண்ட சொல்லை வகுப்பறையில் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் “குளிச்சனியோ” எண்டு கேட்டால் அவளுக்குக் காதில் விழுவது அந்தக் கேள்வி மட்டுமில்லை. தண்ணி குடுக்காத ஆக்களை ஒருத்தரும் கேட்கவில்லை. சொறிந்த பிள்ளையைக் கேட்டார்கள். மைதானத்தில் நடந்ததும் அதேதான்.

இண்டைக்கும் தண்ணி லேசான விஷயம் இல்லை. எங்கட பக்கத்துக் கிணறுகள் பலதில் கடினத்தன்மை கூடின தண்ணி. கல்சியமும் மக்னீசியமும் கூடினால் சவர்க்காரம் நுரைக்காது. வெள்ளைப் படையாகத் திரண்டு உடுப்பிலும் தோலிலும் தங்கும். ஏற்கெனவே வரண்ட தோலுக்கு அது இன்னும் கடி. இதே வரண்ட வலயத்தில், வவுனியா மாவட்டத்திலும், காரணம் இன்னும் முழுக்கப் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் உடம்பு கடிக்கும், தோலில் ஒரு தடமும் இல்லாமல். ஆகவே ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிழமைக்கணக்காக உடம்பு கடித்தால் அதை ஒரு இரத்தப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்கவேணும். “குளி” எண்டு சொல்லி அனுப்பிவிட்டால் அந்தப் பரிசோதனையும் நடக்காது.

சரி, குளிக்கிறதே நல்லது எண்டு வைப்பம். ஓடி முடிஞ்சவுடனே வியர்வையைக் கழுவி, உடுப்பு மாத்தினால் படர்தாமரையும் வேர்க்குருவும் குறையும், உண்மை. எங்கே கழுவுறது? மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு பைப் இருக்கா? பெட்டையள் உடுப்பு மாத்த ஒரு அறை இருக்கா? வெற்றிக் கிண்ணம் வைக்கக் கண்ணாடி அலுமாரி இருக்கு. உடுப்பு மாத்தக் கதவு பூட்டுகிற ஒரு இடம் இல்லை. அதைச் செய்து தந்துபோட்டுக் கேளுங்கோ, குளிச்சனியோ எண்டு.

பயம் நியாயம்தான்

இதை வாசிக்கிற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் கேட்கலாம்: “ஓடவிட்டு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?” கேட்கவேண்டிய கேள்வி. 2024 பங்குனியில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய மாணவன் ஒருவன் இறந்தான். அந்தச் செய்தியை நாங்களும் விடுதியில் இருந்து வாசித்தோம். அதற்குப் பிறகு பிள்ளையை ஓடவிடப் பயப்படுகிற ஆசிரியரைக் குறை சொல்ல மனம் வராது.

கடியிலும் ஆபத்தான கடி ஒண்டு இருக்கு. அரிது, ஆனால் இருக்கு. ஓடும்போது தடிப்போடு உதடோ கண்ணிமையோ வீங்கினால், தொண்டை இறுகினால், மூச்செடுக்கக் கஷ்டப்பட்டால், தலை சுத்தினால், சத்தி வந்தால், அந்த நிமிஷமே ஓட்டத்தை நிப்பாட்டவேணும். “கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு இரு” எண்டு விடுகிற இடமில்லை அது. 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் கூப்பிடவேணும். சிலருக்குக் கோதுமையோ இறாலோ சாப்பிட்டுச் சில மணி நேரத்துக்குள் ஓடினால் மட்டும் இப்படி வரும். சாப்பாடு தனிய ஒண்டும் செய்யாது, ஓட்டம் தனிய ஒண்டும் செய்யாது, ரெண்டும் சேர்ந்தால்தான் வினை. ஊரில் சொல்லுற “கரப்பன் சாப்பாடு” எண்ட கதைக்குள் இப்படி ஒரு துளி உண்மையும் கிடக்கு. ஒருமுறை இப்படி வந்த பிள்ளை வைத்தியரைப் பார்க்காமல் திரும்ப ஓடக்கூடாது. இதில் நாங்கள் வாதாடவே மாட்டோம்.

ஆனால் கவனியுங்கோ, “குளிச்சிட்டு வா” எண்டு அனுப்புகிற மனிதர் இந்த ஆபத்தையும் சேர்த்துத்தான் தவறவிடுகிறார். அவருக்கு எல்லாக் கடியும் ஊத்தைதான். ஓடக்கூடிய பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்புவார். பயம் உண்மையெண்டால் கிட்ட வந்து பார்க்கத்தானே வேணும்? பயந்த மனிதன் மூன்று கேள்வி கேட்பான். கேட்காமல் பேரை வெட்டுகிறதுக்குப் பேர் பயமில்லை, தொல்லை விட்டது எண்ட நினைப்பு.

ஆர் நிக்கிறது, ஆர் போறது

எங்கட கதைகளை ஒண்டாய் வைத்துப் பார்த்தபோது ஒண்டு தெளிவாகத் தெரிந்தது. கடி வந்த பொடியள் சொறிந்துகொண்டே ஓடினார்கள். ஒருத்தரும் அவர்களை நிப்பாட்டவில்லை. “ஆம்பிளப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு கதையா” எண்டார்கள். அதனால்தான் எங்கட நண்பன் மூன்று மாதம் வாய் திறக்காமல் ட்யூப் பூசினான். கடி வந்த பெட்டையள் ஓட்டத்தை விட்டார்கள். முதலில் மைதானம் சொன்னது, பிறகு வீடு சொன்னது: வெயிலில் ஓடினால் கறுப்பாய், தோல் பழுதாய், பிறகு ஆர் கட்டுவான்? ஓட்டத்தை விடச்சொல்ல ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்த ஆக்களுக்கு அந்தத் தடிப்பு நல்ல காரணமாய்ப்போச்சு.

முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தபவன் 2023இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்று வந்தபோது வன்னி முழுக்கப் பொன்னாடை போர்த்தியது. எங்கட வட்சப் குழுக்களிலும் அவவின் படம்தான். நல்லது, போர்த்தட்டும். ஆனால் 72 வயதில் ஓடுகிற மனுசியைக் கொண்டாடுகிற அதே ஊர் 15 வயதில் ஓடுகிறவளை ஒரு கடிக்காக வீட்டுக்கு அனுப்புது. பதினைஞ்சில் அனுப்பப்பட்டவள் எழுபதில் எப்படி ஓடி வருவாள்?

நாங்கள் கேட்கிறது

பெரிய திட்டம் ஒண்டும் கேட்கவில்லை. பயிற்சியை வெயில் ஏற முதலோ, வெயில் தாழ்ந்த பிறகோ வையுங்கோ. தை மாதம் ஒரு சுற்றில் தொடங்கி மாசியில் ஐந்துக்கு வாங்கோ. இல்ல நிறம் வேணுமெண்டால் நெஞ்சில் ஒரு துணிப்பட்டி குத்துங்கோ, மிச்சம் பருத்தியாக இருக்கட்டும். பெட்டையளுக்கு எது போட்டு ஓட வசதி எண்டு பெட்டையளிடம் கேளுங்கோ. மைதானத்தடியில் ஒரு பைப், பூட்டுகிற ஒரு அறை. பயிற்சியில் ஒரு பெண் ஆசிரியரும் நிக்கட்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்குது. பல்லும் கண்ணும் பார்க்கிற அந்த நாளில் “ஓடினால் உடம்பு கடிக்குதா, மூச்சு முட்டுதா” எண்டும் ஒரு கேள்வி சேருங்கோ. பத்தாம் தரத்தில் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டிருந்தால் எங்கட தோழி இன்னும் பல வருஷம் ஓடியிருப்பாள்.

இதை வாசிக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு: கடி வந்தால் எப்ப, எங்க, எவ்வளவு நேரம் எண்டு கொப்பியில் எழுதிவையுங்கோ. தடிப்பு இருக்கும்போதே போனில் படம் எடுங்கோ, வைத்தியரிடம் போகும்போது அது மறைந்துபோயிருக்கும். அண்ணாவின் ட்யூபைத் தொடாதேங்கோ. பக்கத்தில் ஓடுகிறவள் சொறிந்தால் சிரிக்காதேங்கோ. நாங்கள் சிரிச்சனாங்கள். அதுக்கு இன்னும் வெக்கப்படுகிறோம்.

எங்கட தோழி இப்ப யாழ்ப்பாணத்தில் தோல் கிளினிக்கில் காட்டி, குளிசை எடுக்கிறாள். பின்னேரங்களில் பல்கலைக்கழக மைதானத்தில் எங்களோடு ஓடுகிறாள். முதல் கிழமை அரைச் சுற்று. இப்ப மூன்று. இரண்டாவது சுற்றில் சிலநாள் கழுத்தில் இன்னும் தடிக்கும். நடப்பாள், ஆறவிடுவாள், திரும்ப ஓடுவாள். வாற மாசியில் செட்டிகுளத்தில் திரும்பவும் 1500 மீற்றருக்கு ஆள் எடுப்பினம். ஒரு பிள்ளை சொறிந்துகொண்டு நிண்டால், சேர், தயவுசெய்து கிட்டப் போய்ப் பாருங்கோ.